பிரிக்காத பொட்டலம்

அய்யா,

உங்கள் தகரப் பெட்டியைத் திறந்ததும் புகையிலையும் கற்பூரமும் கலந்த வாடை வந்தது. நீங்கள் கண்மூடி நாற்பது நாளாகியும் அந்த வாடை போகவில்லை. வேட்டிகளுக்கு அடியில், நூல் சுற்றிய ஒரு காகிதப் பொட்டலம். காகிதத்தில் பென்சில் கோடு. பத்தொன்பது வயதில் நான் போட்ட கோடு.

இன்டர்மீடியட் முடித்ததும் இரண்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்று அரை நாள் பயணத்தில், புதிதாகத் தொடங்கியது. மற்றது வடக்கே, இரண்டு நாள் ரயிலில். அதன் விவரப் புத்தகத்தில், பட்டத்துக்குப் பிறகான மேல்படிப்பைப் பற்றிய பக்கத்தில்தான் கோடு போட்டிருந்தேன்.

"ரெண்டுலயும் இன்ஜினியர் பட்டந்தானலே குடுக்குறாங்க? பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரம்?" என்றீர்கள்.

"பட்டம் ஒண்ணுதான்யா. அங்கன மேல்படிப்பு இருக்கு, ஆராய்ச்சி இருக்கு. அங்கன படிச்சவுக கப்பலேறிச் சீமைக்கே போறாக."

"கப்பலா?"

வெற்றிலை இடித்த கை நின்றுவிட்டது. உங்கள் மூத்த மகனை, என் அண்ணனை, தனுஷ்கோடியில் கொழும்புக் கப்பல் ஏற்றிவிட்டவர் நீங்கள். காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று தந்திதான் வந்தது. உங்களிடம் போய்க் கப்பல் என்று சொன்னது என் மடத்தனம்.

"சாமிகிட்டக் கேட்டுருவோம்" என்றீர்கள்.

குலதெய்வத்தின் காலடியில் இரண்டு பொட்டலங்கள். திருநீறு வந்தால் பக்கத்துக் கல்லூரி, குங்குமம் வந்தால் வடக்கு. என் விவரப் புத்தகத்திலேயே தாளைக் கிழித்து நீங்கள் மடித்தீர்கள். "இன்ஜினியரய்யா, கையக் கழுவிட்டு எடுங்க. சாமி மார்க்குப் போடுற நேரம்" என்று பூசாரி சிரித்தார்.

எடுத்தேன். திருநீறு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது தெய்வக் குற்றம் என்பது நம் வழக்கம். அதை மடியில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடந்தீர்கள்.

பக்கத்துக் கல்லூரியில் பாதி இயந்திரங்கள் வந்த பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. மேல்படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். செய்முறைப் பயிற்சி போதாது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய் மடைகளைப் பழுது பார்க்க வந்து சேர்ந்தேன். என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கி வடக்கே போனவன் ஒருவன் எனக்கு மேலதிகாரியாக வந்து, கூலியாட்கள் முன்னால் எனக்கு மட்டம் பார்க்கக் கற்றுக் கொடுத்தான். அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. நீங்களோ டீக்கடையில், "எம்மவன் கட்டுன மடை" என்று ஊராருக்குக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இருபது வருஷம் அந்தக் கோயில் வாசலை நான் மிதிக்கவில்லை. பொட்டலத்தை எடுத்த கையை எத்தனையோ முறை வைதிருக்கிறேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் நீங்கள் ஒன்றையே சொல்வீர்கள்: "சாமி மேல ஏன்லே கோவப்படுற? அது என்ன செஞ்சுச்சு?"

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நூலை அறுத்தேன்.

இதிலும் திருநீறு.

சாமி எதுவும் செய்யவில்லைதான். அதை நீங்கள் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்; எனக்குத்தான் கேட்கவில்லை. ஆனால் இதைக் கண்மாயில் கரைத்திருக்கலாமே, ஏன் வைத்திருந்தீர்கள்? என் கண்ணில் பட வேண்டும் என்றா?

நாளை கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். உங்களை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை, அய்யா. பொட்டலத்தைப் பழையபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கொட்டவும் இல்லை, பூசவும் இல்லை.