இறக்கிய குரல்

ஆடிக் கிருத்திகை, இரவு

என் முதல் ஆல்பம் இன்று வெளியானது. இத்தனை வருடம் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுதான் பாடினேன். இதில் என் குரலும் லேப்டாப்பும் மட்டுமே. கடைசிப் பாட்டில் வார்த்தையே கிடையாது. என் குரலை மெதுவாக்கி, ஆண் குரல்போல ஆழமாக இறக்கியிருக்கிறேன்.

தெருவில் காவடி மேளம். அதனால் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக் கேட்டேன். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஒங்க நைனா கொரல எங்கடி புடிச்ச?”

நைனா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் மேடையேறிய நாளிலிருந்து சாகும்வரை என்னிடம் பேசவில்லை. அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை.

“அது நான்தாம்மா. லேப்டாப்புல கொரல எறக்கிக்கீறேன்.”

“அவரோட குடும்பம் நடத்தனவ நானு. எனக்குத் தெரியாதா? ஒன் பேரச் சொல்லிக் கூப்டுக்கினு கீறாரு, கேளு.”

தரையில் உட்கார்ந்து, மறுபடி போடச் சொன்னாள். ஸ்பீக்கரைப் பார்த்து, “இப்பவாவது பொண்ணுகிட்ட வாயத் தொறந்தீங்களே” என்று அழுதாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளக்கு வைத்ததும் அவள் மலைக்கோயிலுக்குக் கிளம்பினாள். நான் தனியாக ஹெட்போனில் கேட்டேன். நான் பாடியது வெறும் ‘ஆ’தான். எவ்வளவு இறக்கினேன் என்பதும் நினைவிருக்கிறது. ஆனால் பாட்டின் நடுவில் என் பெயர் தெளிவாகக் கேட்டது.

“இன்னா நைனா?” என்றேன், வாய்விட்டு.