ஜன்னல் கம்பியில் தொங்கிய பெல்ட்டுகள்

ஜூலை 7, திங்கள்

பேய்க்காற்று. காலையில் கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தது. மலைப் பக்கம் சாரல், இங்கே தூசி மட்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். வலது முழங்கால் வலி.

மதுரையிலிருந்து கார்த்திகா என்று ஒரு பெண் பள்ளிக்கு வந்திருந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். இடைவேளையில் பிள்ளைகள் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று அளக்க வேண்டுமாம். ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு இடுப்பில் ஆளுக்கொரு பெல்ட். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஓடினால் பதியும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் பதியும். மதிய இடைவேளையில் மட்டும் கட்டினால் போதும். "தண்ணி மட்டும் பட விட்றாதீங்க, கெட்டுப் போயிரும்" என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தலைமை ஆசிரியருக்கு ஒரே குஷி. (இனிமேல் த.ஆ. முழுப் பட்டத்தையும் எழுத எனக்குக் கை வலிக்கும்.)

"இதுல தெரிஞ்சிரும் பி.டி. டீச்சர். பொம்பளப் பிள்ளைக மத்தியானம் கூடிக்கூடி உக்காந்து பேசத்தான் செய்யுதுக. அந்த நேரத்த தையல் கிளாஸா மாத்திட்டா உருப்படியா எதையாச்சும் கத்துக்கிருங்க. கிரவுண்டு பயலுகளுக்கு ஆச்சு."

விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் போன வருஷமே விழுங்கியாச்சு. பெண் பிள்ளைகளின் கோ-கோ டீமுக்கு மிஞ்சியிருப்பது மதியம் சாப்பிட்ட பிறகு கிடைக்கிற அந்த நேரம்தான். அடுத்த மாதம் போட்டி. இந்தப் பள்ளியிலிருந்து பெண்கள் டீம் போவது இதுதான் முதல் தடவை. மதியம் போனால் டீமும் போச்சு.

வாங்க வேண்டியது: பல்பு, மூவ் தைலம், ஷூவுக்குப் பசை.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைக்கு மருந்து அடிக்கிறார்கள், வாடை கிளாஸ் வரைக்கும்.

பயல்கள் பெல்ட் கட்டியதும் ஆளே மாறிவிட்டார்கள். எட்டாம் வகுப்புச் சரவணன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். "ஏலே, என்னடா?" என்றால், "மிஷினுக்குத் தீனி டீச்சர்" என்கிறான்.

பெண் பிள்ளைகள் வழக்கம்போல மணி அடிக்கப் போகிற நேரத்துக்கு வந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு. "சாப்பிட இம்புட்டு நேரமா?" என்று கத்தினேன். மதியம் எனக்குக் கேட் டியூட்டி. பிள்ளைகள் பெட்டிக்கடைக்கு ஓடாமல் பார்க்க வேண்டும். அங்கே நின்றால் கிரவுண்டு தெரியும், பின்கட்டு தெரியாது.

சாயங்காலம் கார்த்திகா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பயல்களின் கோடு மேகமலை மாதிரி ஏறி இறங்குகிறது. பெண் பிள்ளைகளின் கோடு தரையோடு தரை.

த.ஆ. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீகளா டீச்சர்? மிஷின் பொய் சொல்லுமா?"

அந்தச் சிரிப்புதான் ரொம்பக் கடுப்பு. பஸ்ஸில் ஒரே யோசனை. உட்கார்ந்தே இருந்த பிள்ளைகளுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

ஜூலை 10, வியாழன்

இன்று கேட் டியூட்டிக்கு டிமிக்கி. நேரே பின்கட்டுக்குப் போனேன்.

சத்துணவுக் கூடத்து ஜன்னல் கம்பியில் பெல்ட்டுகள். வரிசையாக, ஒழுங்காக, காயப்போட்ட பாவாடை நாடா மாதிரி தொங்குகின்றன. பிள்ளைகள் குழாயடியில். ஒரு கூட்டம் குண்டான் தேய்க்கிறது. ஒரு கூட்டம் குடத்தில் தண்ணீர் பிடித்து ஆசிரியர் கழிப்பறைக்கும், பின்னால் நட்டிருக்கிற தென்னங்கன்றுகளுக்கும் தூக்குகிறது. இரண்டு பேர் பின் வராண்டாவைக் கூட்டுகிறார்கள்.

எட்டாவது பவித்ராவைக் கூப்பிட்டேன். கோ-கோவில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது.

"பெல்ட்ட ஏன்த்தா கழட்டினீக?"

"நனையக் கூடாதுன்னு அந்தக்கா சொன்னாகல்ல டீச்சர்."

"இந்த வேலையெல்லாம் யாரு செய்யச் சொன்னது?"

"பெரிய சார்தான். ஆயாம்மா ஒத்த ஆளுல்ல. பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து நாங்கதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "இதையப் போயி என்னத்தச் சொல்ல டீச்சர்? வீட்லயும் நாங்கதான செய்யிறோம்."

வேலை முடிந்ததும் கையைப் பாவாடையில் துடைத்து, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடினார்கள். மணி அடித்துவிட்டது.

கார்த்திகாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான்தான் மேம் சரியாச் சொல்லல" என்றாள். நல்ல பெண். நாளைக்குப் பாலித்தீன் உறை கொண்டுவருகிறாளாம்.

பிள்ளைகள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றவரும், இந்த வேலையைக் கொடுத்தவரும் ஒரே ஆள். கோபம். முழுக்கக் கோபம்.

ஜூலை 11, வெள்ளி

உறை போட்ட பெல்ட்டோடு தண்ணீர் தூக்கினார்கள். பவித்ரா கேட்டாள், "இதுக்கு மார்க் உண்டா டீச்சர்?"

சாயங்காலம் லேப்டாப். பெண் பிள்ளைகளின் கோடு பயல்களைத் தாண்டி எகிறுகிறது. இன்றைக்கு இந்த மனுஷன் மூக்கு உடையும் என்று ஆவலோடு நின்றேன்.

அவர் என்ன சொன்னார்? அப்படியே எழுதி வைக்கிறேன். "பாத்தீகளா, நல்ல எக்சர்சைஸ் கிடைக்கிதுல்ல! இதுக்கு மேல பிள்ளைகளுக்குக் கிரவுண்டு எதுக்கு டீச்சர்?"

ஆக, உட்கார்ந்தாலும் கிரவுண்டு கிடையாது, ஓடினாலும் கிடையாது.

கார்த்திகா மெதுவாக, "சார், வேலை வேற, விளையாட்டு வேற. ரிப்போர்ட்ல ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதுவேன்" என்றாள். அவருக்குக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

பவித்ராவின் உள்ளங்கையைப் பார்த்தேன். குடத்துக் கழுத்து அழுத்தி, சிவந்து, தோல் கன்றியிருக்கிறது. இதற்குப் பெயர் எக்சர்சைஸ்.

ஜூலை 14, திங்கள்

செய்துவிட்டேன்.

மதியம் விசில் அடித்துப் பயல்களைக் கூப்பிட்டேன். "ஒரு மாசம் அவளுக தூக்குனாளுக. இந்த மாசம் உங்க முறை. எடுங்கடா குடத்த." முனகினார்கள். "டீச்சர், இது பொம்பள வேலை" என்றான் ஒருவன். "தென்னங்கன்னுக்கு அது தெரியாதுடா" என்றேன். சரவணன்தான் முதலில் குடத்தைத் தூக்கினான். மிஷினுக்குத் தீனியாம். எப்படியோ.

பெண் பிள்ளைகள் முழு இடைவேளையும் கிரவுண்டில். முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்புறம் தெரிந்துவிட்டது. என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் சரவணனின் அப்பா பைக்கில் வந்து இறங்கினார். திராட்சைத் தோட்டக்காரர், பள்ளிக் கமிட்டியில் இருக்கிறார்.

"எம் மகன் தண்ணி தூக்கவா டீச்சர் இங்கன வாரான்?"

"உங்க மக ஏழாவதுல இருக்காள்ல? அவ ஒரு மாசமாத் தூக்குறாண்ணே. அப்ப ஏன் வரல?"

"அவ பொம்பளப் பிள்ள..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மகள் பைக்குக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டார்ட்டரை உதைத்தார். அது நாலு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது, பாவம்.

த.ஆ. எனக்கு மெமோ கொடுத்தார். மாணவர்களை வேலை வாங்கியது ஏன், விளக்கம் தேவை. சிரிப்பு வந்தது. மாணவர்கள் என்றால் பயல்கள் மட்டும்தான் போல.

ஜூலை 16, புதன்

நேற்று கல்வி வளர்ச்சி நாள் விழா. பேச்சுப் போட்டி, கேசரி.

இன்று காலையில் சரவணனின் அப்பா தோட்டத்திலிருந்து ஒரு சுருள் ஓஸ் பைப் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். குழாயில் மாட்டினால் கழிப்பறை வரைக்கும், கன்று வரைக்கும் எட்டுகிறது. பெண் பிள்ளைகள் ஒரு மாதம் தூக்கியபோது வராத ஓஸ், பயல்கள் ஒரே நாள் தூக்கியதும் வந்துவிட்டது. குண்டான் கழுவ ஆயாவுக்கு இன்னொரு ஆளும் வரப் போகிறாராம்.

சரி, வேலை ஒழிந்தது, இனிக் கிரவுண்டுதான் என்று நினைத்தேன். மதியம் சுற்றறிக்கை. நாளை முதல் ஏழு, எட்டு மாணவியர் மதிய இடைவேளையில் வரிசையாக உட்கார்ந்து தையல் பழக வேண்டும். பொறுப்பு: உடற்கல்வி ஆசிரியை.

நான்! எனக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "இம்புட்டுச் சீக்கிரம் ஒத்துக்கிட்டீகளே" என்றார் சந்தேகமாக.

பஸ்ஸில் பயம் பிடித்துக்கொண்டது. நான் தொகுப்பூதிய ஆள். அடுத்த ஜூனில் வர வேண்டாம் என்று அவர் சொன்னால் கேட்க நாதி கிடையாது. மெமோவுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் எல்லாம் அடங்கும். எழுத மாட்டேன். எழுதுவதற்கு நான் என்ன தப்பு செய்தேன்?

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. கேட்டால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 17, வியாழன்

வெயில். காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. காலை டிபன் இல்லை, மாவு புளித்துவிட்டது.

மதியம். ஊசி, நூல், துணியோடு பிள்ளைகள் முகம் தொங்கி வராண்டாவில் நின்றார்கள். "எல்லாத்தையும் பையில வைங்கத்தா, எம் பின்னால வாங்க" என்றேன்.

வரிசையாக உட்கார வைத்தேன். கிரவுண்டின் நடுவில். ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து. கோ-கோவுக்கு உட்காருகிற மாதிரியேதான். பயல்கள் ஓரத்துக்குப் போய் வேடிக்கை பார்த்தார்கள். கார்த்திகா வேப்பமரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன டீச்சர் இது?" வராண்டாவிலிருந்து த.ஆ.

"வரிசையா உக்காத்தி வச்சிருக்கேன் சார். பொறுப்பு எனக்குத்தான போட்டிருக்கீக."

"நான் சொன்னது தையலு!"

"அதுக்கு முந்தி கை கால் நீவி விடணும் சார்."

விசில் அடித்தேன். ஆட்டம் ஆரம்பித்தது. அவர் படியிறங்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு கிரவுண்டுக்கு நடுவிலேயே வந்து நின்றார். தான் நின்றால் ஆட்டமும் நின்றுவிடும் என்று நினைத்திருப்பார். நான் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை, ஆட்டத்தை நிறுத்த ஊதவும் இல்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் பவித்ராவை மட்டும் பார்த்தேன்.

பவித்ரா அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.