லண்டன் பெரிதா, பாரிஸ் பெரிதா

லண்டன்
22-11-1959

அன்புள்ள தாட்சாயணிக்கு,

இங்கே நான் நலம். நைனாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? உன் கடிதத்தில் பள்ளிக்கூடச் செய்திதான் நிறைய. உன்னைப் பற்றி இரண்டே வரி.

எங்கள் தோல் கம்பெனி ஜனவரியில் என்னைப் பாரிஸ் கிளைக்கு அனுப்புகிறது. மூன்று வருஷம். கோபப்படாமல் முழுவதும் படி. உன்னை லண்டனுக்குக் கூப்பிடாமல் இருந்ததற்கு இந்த ஊரின் அகலம்தான் காரணம். எழுநூறு சதுர மைல். நம் சித்தூர் ஜில்லாவில் எட்டில் ஒரு பங்கு. அதில் எண்பது லட்சம் பேர். காலையில் ரயிலேறினால் இருட்டித்தான் அறைக்குத் திரும்புகிறேன். அப்படி ஓர் ஊரில் நீ தனியாக என்ன செய்வாய்?

பாரிஸ் அப்படியில்லை. ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி ஆறு மைல் இருக்குமா? நீளத்துக்கு ஆறு, அகலத்துக்கு ஆறு வைத்து ஒரு கட்டம் போடு. ஏறக்குறைய அவ்வளவுதான் பாரிஸ். ஜனம் இருபத்தெட்டு லட்சம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவேன். உனக்குப் பிடிக்கும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. ஜூலையில் பம்பாயில் கப்பல் இருக்கிறது.

உன்
கோவர்த்தனன்


புத்தூர்
10-1-1960

அன்பும் மரியாதையும் உள்ள உங்களுக்கு, தாட்சாயணி எழுதுவது.

மாமாவுக்கு வலி பரவாயில்லை. அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார்கள், உங்கள் பேச்சு எடுக்காத நாட்களில். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனீர்கள். நாலு ஆகிவிட்டது. இப்போது இன்னும் மூன்று. என்றாலும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

நீங்கள் எழுதிய கணக்கை ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் போட்டேன். "எந்த ஊரு பெருசு டீச்சர்?" என்று செல்வி கேட்டாள். வகுத்துப் பாருங்கள் என்றேன். சதுர மைலுக்கு லண்டனில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர், பாரிஸில் எழுபத்தேழாயிரத்துச் சொச்சம். "டீச்சர், அவ்ளோ பேரும் துணிய எங்க காயப்போடுவாங்க?" என்றாள். தெரிந்தால் எழுதுங்கள்.

எனக்கு இங்கே வேறொரு கணக்கு இருக்கிறது. ஏப்ரலில் எல்லை மாறுகிறது. திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே நிற்கிறது. தமிழ் வகுப்புக்கு இனி எதிர்காலம் இல்லை என்று பெற்றோர் பிள்ளைகளைத் தெலுங்குப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். நாற்பது பேர் இருந்தால்தான் தமிழ்ப் பிரிவு. இப்போது இருபத்தாறு. தலைமையாசிரியர் கிருஷ்ணப்பா நல்ல மனிதர்தான். "ரூல் ரூலே கதம்மா, மாத்த முடியாது. ஜூனுக்குள்ள நாற்பது பேரைக் காட்டு, நான் கையெழுத்து போட்டுட்றேன்" என்றார். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தங்கள்
தாட்சாயணி


பாரிஸ்
17-4-1960

அன்புள்ள தாட்சாயணிக்கு,

துணியை இங்கே ஜன்னலுக்குள் கயிறு கட்டிக் காயவைக்கிறார்கள். செல்வியிடம் சொல்.

கப்பலுக்கு உன் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். ஜூலை ஒன்பது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை. அறை சற்று வெளியே இருக்கிறது. பஸ், பிறகு பூமிக்கடியில் ரயில். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. மத்தியானம் வந்துபோக முடியாது. பழகிவிடும்.

உன் மாசிக் கடிதமும் பங்குனிக் கடிதமும் படித்தேன். யார் வீட்டில் என்ன சொன்னார்கள், எந்தப் பிள்ளை சேர்ந்தது, எது நின்றது என்றே இருக்கிறது. நாற்பது பேருக்காக இத்தனை வீட்டுப் படி ஏறுகிறாயே, எனக்காக ஒரு கப்பல் ஏறக்கூடாதா?

உன்
கோவர்த்தனன்


புத்தூர்
20-6-1960

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கேட்ட கேள்வியை இரண்டு மாதமாக மனசில் சுமந்துகொண்டிருந்தேன். அவசரத்தில் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

முதலில் செய்தி. நாற்பத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்தது கன்னையாவின் இரண்டு பெண்கள். அவர் நிலத்துக்கே போய் நின்றேன். "தெலுங்கு படிச்சாத்தான தாலுகாபீசுல வேல? தமிழ் படிச்சி இன்னா பண்ணப்போவுதுங்க?" என்று வரப்பில் நின்றுகொண்டு கத்தினார். "தெலுங்கும் நானே சொல்லித் தர்றேன். ரெண்டும் படிக்கட்டும். ஊட்ல பேசற பேச்ச எழுதத் தெரியாம வளரணுமா?" என்றேன். அவர் மடையைத் திருப்பப் போய்விட்டார். இனி வரமாட்டார்கள் என்றே திரும்பினேன். மறுநாள் பெண்களை அவரே கூட்டிவந்து விட்டார்.

பிரிவுக்கு அனுமதி வந்துவிட்டது. தமிழில் பயிற்சி பெற்றவள் இங்கே நான் ஒருத்திதான். நான் போனால் அனுமதியும் போய்விடும்.

கிருஷ்ணப்பா சாரின் பூகோளப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் பாரிஸில் அறுபது லட்சத்துக்குமேல் ஜனம். லண்டனைச் சுற்றுப்புறத்தோடு அளந்த நீங்கள், பாரிஸை மட்டும் அதன் வரம்புக்குள் அளந்திருக்கிறீர்கள். நாம் இருக்கப்போவதோ வரம்புக்கு வெளியே. என்னை ஏமாற்றவேண்டும் என்று செய்திருக்க மாட்டீர்கள். நான் வரவேண்டும் என்ற ஆசையில் சின்னதாகத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கேயும் நீங்கள் இருட்டித்தான் வருவீர்கள். லண்டனில் தனியாக என்ன செய்வாய் என்று நீங்கள் கேட்ட கேள்வி, பாரிஸுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பாஸ்போர்ட் வந்து பத்து நாளாகிறது. இரண்டு தடவை பெட்டி அடுக்கினேன். இரண்டாம் தடவை அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "போவணும்னா போ. யாருக்காவும் நிக்காத. ஆனா அவன் மூணு வருசம்னா அது ஆறு வருசம். எம் புள்ளய எனக்குத் தெரியும்" என்றார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் மடித்து வைத்த புடவையை அவர்களே எடுத்துக் கொடியில் போட்டார்கள். அன்றைக்கு நன்றாக அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை.

உங்களுக்காகக் கப்பல் ஏறக்கூடாதா என்றால், ஏறலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எங்கே, எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். அந்த வீடுகளின் படியெல்லாம் ஏறி இறங்கியதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நாற்பதாவது பிள்ளை சேர்ந்த அன்று அதைச் சொல்ல நீங்கள் இங்கே இல்லையே என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கப்பலில் என் பெயரை அடித்துவிடுங்கள். நான் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை. காலையில் தலை குளித்து, காப்பி குடித்து, தெளிவாக உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் நைனாவையும் அம்மாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுக்கு நீங்கள் எழுதுவதை வாசித்தும் காட்டுகிறேன்.

எனக்கு மட்டும் இனி எழுதவேண்டாம். இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஓர் ஊர் என்று படித்துப் படித்து மனசு மரத்துவிட்டது. வருவதாக இருந்தால் நேரே வாருங்கள். தேதி தெரிந்தால் ரேணிகுண்டா ஸ்டேஷனில் நிற்பேன்.

அடுத்து வருவது நீங்களாக இருக்கட்டும். கடிதமாக இருக்கவேண்டாம்.

தாட்சாயணி