கஜீவனுக்கு ஒரு நற்சான்று

ரோவில், மெல்பேர்ண்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பன் சிறிதரனுக்கு,

நாங்கள் நலம். லண்டனில் நீங்களும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகள் வர்ஷாவுக்குச் சிட்னியில் ஒரு சம்பந்தம் பொருந்தியிருக்கிறது, பொடியன் எப்படி என்று விசாரித்து எழுது என்று கேட்டிருந்தாய். விசாரிக்கத் தேவையில்லை. கஜீவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வெள்ளி, இங்கே த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலில், மெல்பேர்ணிலேயே இருக்கும் அவனுடைய தாயார் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, லண்டன் பகுதி உங்களைத்தான் கேப்பினமாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்" என்றார். ஒன்றும் விடாமல் எழுதுவேன் என்று உறுதி கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேலை, தோற்றம் எல்லாம் அவர்கள் சொன்னபடிதான். குணம் சிட்னியில் ஒரு பல்கலைக்கழக விடுதியில் உருவானது. கற்கட்டடம், கொடி, வாசலில் லத்தீன் வாசகம், இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி. புதிதாக வருபவனை மூத்த மாணவர்கள் முதல் வாரத்திலேயே "சகோதரன்" ஆக்குவார்கள். நம்மைப் போன்ற வெளியாட்களுக்கு அது பகிடிவதை போலத் தோன்றும். விடுதியின் கையேட்டில் அதற்குப் பெயர் தலைமைத்துவப் பயிற்சி.

என் மகன் செந்தூரன் அங்கே சேர்ந்தபோது, இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை கஜீவன், மூன்றாம் வருடம். அவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இவன் பிறந்ததிலயிருந்து சைவம். மீன் மணமே ஒத்துக்கொள்ளாது. ஒருக்கால் பாத்துக்கொள்ளும்" என்றேன். "ஓம் அங்கிள், யோசிக்காதேங்கோ. அவன் என்ர தம்பி மாதிரி" என்றான். தமிழ் முகத்தைக் கண்டதும் பிள்ளையின் பலவீனத்தை ஒப்புவித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவது நம்மவர் வழக்கம்.

அந்த வாரமே சடங்கு. முழங்காலில் நின்று, குவளையில் நீந்தும் சின்ன மீனை உயிரோடு விழுங்க வேண்டும். செந்தூரனின் முறை வந்தபோது குவளையைப் பிடித்திருந்தவன் கஜீவன். இவன் சைவம், இவனுக்கு இரண்டு என்று ஆங்கிலத்தில் அறிவித்தானாம். மண்டபமே சிரித்ததாம். பிறகு காதருகே குனிந்து தமிழில், "விழுங்கடா, என்ர மானத்தை வாங்காதை" என்றானாம்.

செந்தூரன் படிப்பை விட்டுவிட்டு வந்தான். இன்றுவரை எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை. தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். விடுதி நிர்வாகம் விசாரித்து, மரபு சற்று மிகையாகிவிட்டது என்று வருந்தியது. அடுத்த வருடம் கஜீவனை மாணவர் தலைவன் ஆக்கியது. அவன் தாயாருக்குத் தெரிந்தது இந்தப் பதவி மட்டும்தான்.

ஆகவே தலைமைப் பண்பு உண்டு. மரபில் பற்று உண்டு. தான் சேர விரும்பும் கூட்டம் சிரிப்பதற்காக, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட எதையும் எடுத்துக் கொடுக்கும் தாராள மனமும் உண்டு. வர்ஷாவையும் அவனிடம்தான் ஒப்படைக்கப்போகிறாய்.

முன்பு பேர்த்திலிருந்தும் டொரொன்ரோவிலிருந்தும் பெண் வீட்டார் கேட்டார்கள். இதையேதான் எழுதினேன். இனிக் கேட்பவர்களுக்கும் எழுதுவேன். ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது.

முடிவு உன்னுடையது. கலியாணம் முற்றானால் நாங்கள் மூவரும் கட்டாயம் வருவோம். ஒரே ஒரு வேண்டுகோள். விருந்தில் செந்தூரனை மாப்பிள்ளைக்கு நேரெதிரே இருத்து. அவன் சாப்பிடமாட்டான். மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா என்று நான் பார்க்க வேண்டும்.

வர்ஷா நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நண்பன்,
விக்னராஜா