உன் சட்டையைத் துவைத்துவிட்டேன்

என் ஆசை நைனாவுக்கு,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் காக்கிச் சட்டையை நான் துவைத்துவிட்டேன்.

இரும்புத் தூளும் ஆயிலும் ஏறிய அந்தச் சட்டையோடுதான் நீ கம்பெனியிலிருந்து வருவாய். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு, நம் ஆடு கறுப்பியிடம் பால் கறக்க உட்காருவாய். அம்மா கத்துவாள்: "மன்சன் மொதல்ல குளிப்பானா, ஆட்டாண்ட போய்க் குந்துவானா?" நீ சிரிப்பாய். "இந்த நாத்தம்தான்டி அதுக்கு அடையாளம். குளிச்சிட்டுப் போனா, யார்ரா நீன்னு ஒதைக்கும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்றுதானே நினைத்தோம்?

உன்னை அடக்கம் செய்த மறுநாள் நான் சொம்போடு போனேன். கறுப்பி உதைத்த உதையில் சொம்பு உருண்டு பால் மறந்த அவள் குட்டி சுட்டியின் காலடியில் போய் நின்றது. அம்மாதான் கொடியில் கிடந்த உன் சட்டையை எடுத்து என் தோளில் போட்டாள். "இத்த மாட்டிக்கினு போ. வாயத் தொறக்காத. கொரல் கேட்டா தெரிஞ்சிக்கும்."

கறுப்பி சட்டைக் கையை முகர்ந்தாள். பால் இறங்கியது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்திக் கறப்பார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து தினமும் நான் உன் தோலுக்குள் வைக்கோலாக உட்கார்ந்திருந்தேன், பேச்சு மூச்சில்லாமல்.

வேறு வழி? உன் பேத்தி இனியா பாக்கெட் பாலை இன்னமும் துப்புகிறாள். ஒன்றரை வயதில் அவளுக்குத் தெரிந்த பால், நீ ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்த கறுப்பியின் பால்தான்.

போன வாரம் இனியாவுக்குக் காய்ச்சல். நான் அசந்த நேரத்தில் அந்தச் சட்டையின் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லையா நான்? அதில் என்னென்ன ஒட்டியிருக்கிறதோ என்று பதறிப்போய், சுடுதண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு இரண்டு முறை அலசினேன். தண்ணீர் கறுப்பாக இறங்கியது. வாளியைக் கவிழ்த்த பிறகுதான் எதைக் கொட்டினேன் என்று உறைத்தது. சட்டையில் முகம் புதைத்துப் பார்த்தேன். நீ இல்லை.

கறுப்பியும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள். இரண்டு நாள் இழுத்துக் கட்டிப் பீய்ச்சியும் பத்துச் சொட்டு வரவில்லை. மடி கல்லாக இறுகியது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடித்து வந்த உன் மாப்பிள்ளை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வித்துடலாம். மடி வீங்கிச்சின்னா ஆட்டுக்கும் பேஜாரு, நமக்கும் பேஜாரு." ஊத்துக்கோட்டை வியாபாரி ஒருவருக்குப் போனும் போட்டுவிட்டார்.

இன்று காலை, அந்த ஆள் வருவதற்குள் கடைசியாக ஒரு முறை போய் உட்கார்ந்தேன். சட்டை போடவில்லை. மடியில் கை வைத்ததும் அழுகை முட்டியது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "நைனா இல்ல கறுப்பி. செத்துட்டாரு. நான்தான் கீறேன்."

உதைப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உதைக்கவில்லை. அவள் தலையைத் தூக்கி, என் தோளுக்குப் பின்னால், நீ சைக்கிள் சாத்தும் இடத்தைப் பார்த்தாள். காது இரண்டும் முன்னால் வந்தன. நீ வரும்போது மட்டும் வருமே, அப்படி. கைக்குள் மடி இளகியது. பால் சூடாகச் சொம்பில் விழுந்தது.

அம்மா உள்ளே இனியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உன் மாப்பிள்ளையும் ஷிப்டுக்குப் போய்விட்டார். வாசலில் யார் நைனா?

நான் திரும்பவில்லை. கழுத்து மரத்துப்போனாலும் திரும்பவில்லை.

வியாபாரியை அம்மாதான் அனுப்பினாள். "போய்ட்டு வாண்ணா. பால் எறங்கிடுச்சி." இனியா முழு டம்ளரையும் குடித்துவிட்டு, பால் மீசையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கறுப்பியை விற்க மாட்டேன். இனி உன் வேஷம் போட மாட்டேன். என் குரலில், என் வாசனையில்தான் அவளிடம் போவேன். இன்னொன்றும் சொல்கிறேன்: கறந்து முடிக்கும்வரை வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். நீ பயப்படாமல் நின்றுவிட்டுப் போ.

உன் சட்டை இனி பொருந்தாத,
உன் பெரிய பொண்ணு