சீல் பிரிக்காத மெழுகு டப்பா

என்னங்க,

சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். ஷெட் சாவி ஆணியில் தொங்குகிறது. நாலு மணிக்கு அந்தப் பழைய ஜீப்காரர் வருவார். அவருடைய ஜீப்புக்கு நான் வார்த்த ஃபைபர் மட்கார்ட் இன்னும் வார்ப்பு அச்சை விட்டு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். இழுத்துப் பார்க்க விடாதீர்கள், அச்சும் சேர்ந்து உடையும்.

நேற்று, "ஜன்னலை யாரு திறக்கச் சொன்னது? ஈரக்காத்து பட்டுத்தான் ஒட்டிக்கிச்சு!" என்று உங்கள் மேல் பாய்ந்தேன். "பிசின் நெடியில நீ மயங்கி விழக் கூடாதேன்னு திறந்தேன்" என்றீர்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் அலமாரியில் புது மெழுகு டப்பா கண்ணில் பட்டது. சீல்கூடப் பிரிக்கவில்லை! பிசினும் ஃபைபரும் போடுவதற்கு முன் அச்சில் மெழுகு பூசவே மறந்திருக்கிறேன். பிறகு ஒட்டாமல் என்ன செய்யும்? தப்பு முழுக்க என்னுடையது.

டப்பாவை உங்கள் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வேண்டிய மட்டும் சிரித்துக்கொள்ளுங்கள்.

பி.கு: ஜீப்காரர் கேட்டால் பழியை என் மேலேயே போடுங்கள்.

இன்னொன்று: சாயங்காலம் வெளி வேலை முடிந்து வந்ததும் அச்சுக்கும் மட்கார்டுக்கும் நடுவே மரச்சில்லு செருகி மெல்லக் கழற்றிப் பார்க்கிறேன். கழன்றுவிட்டால் மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பம். நான் வருவதற்குள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.