பாலத்துக்குக் கீழால்

"பெரியப்பா, மாடி வைத்த போட் பாலத்துக்குக் கீழால் போகாது." அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான், அப்பா. சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

இன்று காலை கந்தோருக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது கரைப் பக்கமிருந்து ஃபைபர் அறுக்கிற மணம் வந்தது. ரெசினும் கருகிய பிளாஸ்ரிக்கும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்கிற அந்த மணம், போட் திருத்தித் திருத்தி, உங்கள் சேட்டுகளில் எப்போதும் இருந்தது. எத்தனை முறை தோய்த்தாலும் போகாது. எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தூள் பறக்க இரண்டு பேர் அறுத்துக்கொண்டிருந்தது எங்கள் போட்டை.

எங்கள் போட் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். அம்மா அதை வடகரை விடத்தல்தீவுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டா. விற்ற பிறகு கரைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டா.

நான் சொல்லாமல் விட்ட அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, போனை மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டுச் சுற்றி இருந்தோம். போனுக்குள் பாரிஸில் இருந்து பெரியப்பா. மன்னாருக்குச் சுற்றுலாக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள், தம்பி இனி மீன் பின்னால் அலைய வேண்டாம், ஆட்களை ஏற்றட்டும் என்று தீர்மானித்திருந்தார். தான் வாங்கித் தரப்போகிற போட்டுக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். அவற்றின் கீழே இருந்த இங்கிலீசை வாசித்துச் சொல்வது என் வேலை.

முதலாவது திறந்த போட். தலைக்கு மேலே ஒன்றுமில்லை. வெயிலும் மழையும் ஆளின் மேலேயே விழும். ஆனால் காற்றுக்குப் பிடிக்க அதில் எதுவும் இல்லை. இரண்டாவது ஹார்ட்டொப். கம்பிகளின் மேல் உறுதியான கூரை, அதற்குக் கீழே நிழல். மூன்றாவது ஃப்ளைபிரிட்ஜ். கூரைக்கு மேல் இன்னொரு தட்டு, அங்கேயும் இருக்கைகள், அங்கேயும் ஒரு சுக்கான் வளையம். மாடி வீடு மாதிரி.

"கூரை இருந்தாக் காணும் அத்தான்" என்றா அம்மா, போனைப் பார்த்து. "இவருக்கு வெயிலுக்கு முதுகெல்லாம் உரியுது."

"கூரை மட்டும் போட்டா அது கடலில ஓடுற ஓட்டோ, தங்கச்சி. வெள்ளைக்காரன் ஓட்டோவில ஏறவே இவ்வளவு தூரம் வாறான்?" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா உங்களிடம் கேட்டார். இதை நான் மறக்கவில்லை, அவர் கேட்டார். "தம்பி, ஓடப்போறது நீ. நீ சொல்லு, எது வேணும்?"

உங்கள் பெருவிரல் முதலாவது படத்தின் மேல் இருந்தது. "உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ அண்ணன்" என்றீர்கள்.

"அப்ப மாடிதான். பிள்ளை, நீ புத்தகப் பூச்சி எல்லே, உந்த ஃப்ளைபிரிட்ஜுக்குத் தமிழ் என்ன?"

"தெரியாது பெரியப்பா."

"எனக்குத் தெரியும். பறக்கிற பாலம்!"

அவர் வாயாலேயே அந்தச் சொல் வந்தது. நான் நிமிர்ந்தேன். அப்போதுதான் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலம் நமக்கு ரோட்டு மட்டுமல்ல. வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், போட்டுகள் தென்கரைக்கு வரும். சோளகக் காற்று எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், எல்லாம் வடக்கே போகும். போவதும் வருவதும் பாலத்துக்குக் கீழால். சின்ன வயதில் உங்களோடு அப்படி வந்திருக்கிறேன். பாலம் நெருங்கும்போது "குனி" என்பீர்கள். குனியாவிட்டாலும் தலை முட்டாது, எனக்கும் தெரியும். ஆனாலும் குனிந்து, சிலுவை போட்டு, மேலே ஓடுகிற பஸ்ஸின் இரைச்சல் போகும்வரை அப்படியே இருப்போம். எங்கள் கரையில் எல்லோரும் அப்படித்தான். மாடி போட் அந்த இடைவெளிக்குள் நுழையாது என்பது கரையில் விளையாடுகிற பிள்ளைக்கும் தெரியும்.

பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் ஊரைவிட்டுப் போன காலத்தில் பாலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டுக் கிடந்தது. அவர் மனதில் கொண்டுபோன மன்னாரில் அந்த இடத்தில் வெறும் தண்ணீரும் ஆகாயமும்தான். புதுப் பாலத்தைப் படத்தில் பார்த்திருப்பார். அதன் கீழால் போட்டில் அவர் ஒருநாளும் போனதில்லை.

போன் வைத்த பிறகு குசினி வாசலில் உங்களை மறித்தேன். "ஏனப்பா சொல்லேல்ல?"

"அவர் ஆசைப்படுறார், பிள்ளை. பாலத்தைப் பிறகு பாப்பம்."

"பிறகு எண்டா? பாலம் வளருமோ?"

சிரித்துக்கொண்டு என் தலையில் குட்டிவிட்டுப் போனீர்கள். அந்தக் குட்டு இன்னும் எனக்குக் கோபம். பெரியப்பா எங்களைப் படிப்பித்தார், வீட்டுக்குக் கூரை போட்டார், எல்லாம் உண்மை. அதற்காக அவரிடம் ஒருநாளாவது இல்லை என்று சொல்லக்கூடாதா? ஓம் அண்ணன், ஓம் அண்ணன் என்று போனுக்கு முன்னால் தலையாட்டிய உங்களைப் பார்க்கும்போது, பாலம் இல்லாத இடத்திலும் குனிகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நீர்கொழும்பில் இருந்து கடல் வழியாக அந்தப் போட் தென்கரைக்கு வந்தது. வாடைக் காலம் முழுக்க நன்றாகத்தான் ஓடியது. வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்க வந்தவர்கள் மாடியில் ஏறிப் படம் எடுத்தார்கள். நீங்கள் மேலே ஏறவே இல்லை. கீழ்ச் சுக்கானில்தான் நின்றீர்கள். படம் அனுப்பச் சொல்லிப் பெரியப்பா கேட்ட அன்று மட்டும் ஏறி, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்தப் படத்தைத்தான் பிறகு மாலை போட்டு வைத்தார்கள்.

சோளகம் வந்தது. கரையில் ஒவ்வொரு போட்டாக வடக்கே போனது. கடைசியில் உங்களுடையது மட்டும் அலையில் தலையாட்டிக்கொண்டு நின்றது. உங்கள் கூட்டாளி சூசை மாமா வந்து சொன்னார்: "மாடியை அறுத்துப்போட்டுக் கீழால கொண்டுபோ மச்சான். ஒரு பின்னேர வேலை."

"அண்ணன் மடுக் கோயில் பெருநாளுக்கு வாறார். மொட்டைப் போட்டைக் காட்டச் சொல்லுறியோ?"

"அப்ப அண்ணனையும் உந்த மாடியையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரு."

நீங்கள் சிரித்தீர்கள். மற்ற நாள் விடிய, தீவின் முனையில் தலைமன்னாரைச் சுற்றி, மணல் திட்டுகளான தீடைகளுக்கு இடையால் வடக்கே கொண்டுபோகிறேன் என்று தனியாக வெளிக்கிட்டீர்கள். காற்று வலது பக்கம் விழுந்தால் பயமில்லை, இடது பக்கம் விழுந்தால் பயமில்லை என்று அம்மாவுக்கு ஏதேதோ சொன்னீர்கள். அந்த மாடி பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா, அப்பா? கடலில் பிறந்தவரைப் போலக் கடலில் நின்ற ஆள் நீங்கள்.

போட்டைத் தீடையில் சரிந்து கிடக்கக் கண்டு, எங்கள் கரைக்கே இழுத்து வந்தார்கள். மாடிக் கம்பி கூட வளையவில்லை. உங்களை அதற்கடுத்த நாள் கடற்படைக்காரர் கொண்டுவந்து தந்தார்கள்.

பெரியப்பா மடுப் பெருநாளுக்கு முன்பே வந்தார், உங்களை அடக்கம் செய்ய. விமான நிலையத்தில் இருந்து வாடகை வான் பிடித்து வந்தவர் பாலத்தில் இறங்கி நின்று கீழே பார்த்தாராம். வீட்டுக்குள் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்: "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல? சொல்லியிருந்தா அந்தத் திறந்த போட்டை எடுத்திருப்பனே. எனக்கு எது எண்டாலும் ஒண்டுதானே."

எது என்றாலும் ஒன்றுதான். அவ்வளவு சின்ன ஆசைக்கு நீங்கள் பயந்தீர்கள். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. முழுவதும் உங்களிடம்தான், எழுதியும் குறையவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். பஸ் பாலத்தில் ஏறும்போது தலை தானாகக் குனிகிறது, மேலேதான் போகிறேன் என்றாலும். குனிந்ததும் வேண்டுமென்றே நிமிர்த்துகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் தூங்கி விழுகிறேன் என்று நினைப்பார்கள்.

இன்று பின்னேரம் வேலை முடிந்து வரும்போது பஸ் பாலத்தில் மெதுவாகப் போனது. யன்னலால் கீழே பார்த்தேன், அதே போட். மாடியும் இல்லை, கூரையும் இல்லை. அறுத்த இடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. சுக்கானில் நின்றவர் குனிந்து சிலுவை போட்டார். போட் பாலத்துக்குக் கீழால் போனது.